வதந்தியும் தடையும்: இணையப் பாதுகாப்பின் அண்மைக்கால வரலாறு

மட்டக்களப்பு வாவியின் தென்கோடி இன்று அம்பாறை மாவட்டத்துள் அடங்கும். 1961 வரை அம்பாறையும் மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாகவே விளங்கிற்று. ஆதலின், 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரின் உணவகமொன்றில் மூண்ட கலகம் வாவிக்கரை மக்களுக்கு வேற்றூர்ச் செய்தியன்று. உணவிலே மலடாக்கும் மாத்திரை கலக்கப்பட்டதெனக் குற்றஞ்சாட்டினர் சிலர். சிங்களம் நன்கறியாத முஸ்லிம் ஊழியர் தடுமாறிக் கூறிய விடை, குற்ற ஒப்புதலாக ஒளிப்பதிவில் முகநூலெங்கும் பரவிற்று. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மாத்திரை எனப்பட்டது வெறும் மாக்கட்டியே என்பதை அரச பகுப்பாய்வு பின்னரே புலப்படுத்திற்று.

அடுத்த வாரம் கண்டி மாவட்டத்துத் திகனயில் வன்செயல் வெடித்தது. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. மறுநாள் முகநூல், வாட்ஸ்அப், வைபர் ஆகியன தடுக்கப்பட்டன. கும்பல்கள் இவற்றின் வழியே திரட்டப்பட்ட வேளையில் அரசு வாளாவிருந்திருக்க வேண்டுமென எவரும் வாதிடார். எனினும், வதந்தி சென்ற வழியை அடைத்தபோது மறுப்புச் செல்லும் வழியும் அடைபட்டது. வி.பி.என். எனும் மறைவழி அறிந்தோரைத் தடை தீண்டவுமில்லை.

இம்முரண்பாடு 2019இல் மட்டக்களப்பையே நேரிற் சுட்டது. ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, நகரின் சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்துச் சிறுவர் உட்படப் பலர் மாண்டனர். அன்றே சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. ஏப்ரல் 30 வரை தடை நீடித்தது. பழிவாங்கும் வெறியைத் தணிக்க அது உதவியிருக்கலாம். ஆயின், கடல்கடந்து வாழும் உறவினர் பலர் தம்மவர் நிலையறிய நம்பியிருந்ததும் அதே வாட்ஸ்அப்பையே. தடை நீங்கிச் சில நாட்களில், மே மாதத்தில், வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டனர். தடை காலத்தை ஈட்டித் தரும், பகையை நீக்காது.

தடையெனும் கருவி 2018இல் தோன்றியதன்று. 2007 ஜூனில் ‘தமிழ்நெற்’ செய்தித்தளம் இலங்கையில் முடக்கப்பட்டது. அதன் ஆசிரியராயிருந்த மட்டக்களப்பு மைந்தர் தர்மரத்தினம் சிவராம், 2005 ஏப்ரலில் கடத்திக் கொல்லப்பட்டவர். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, பொருளாதார நெருக்கடியை எதிர்த்த மக்கள் போராட்டத்தின்போதும் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டு, அன்றே மீண்டும் திறக்கப்பட்டன. கலவரத்தைத் தடுக்கச் செய்த பூட்டு, விமர்சனத்தின் வாயையும் பூட்டவல்லது என்பதற்கு இவை சான்று.

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஐவர் கொண்ட ஆணைக்குழுவொன்றுக்கு இடமளித்தது. மோசடியினின்றும் இழிவுபடுத்தலினின்றும் மக்களைக் காக்க, குறிப்பாகப் பெண்களையும் சிறுவரையும் காக்க, சட்டம் வேண்டும் என்பது மெய்யே. ஆயினும், எது பொய்யெனத் தீர்க்கும் அதிகாரத்தை எவரிடம் ஒப்படைப்பது என்ற வினா அதனால் தீர்ந்துவிடவில்லை.

நிறுவனங்களின் பொறுப்பும் சிறிதன்று. 2018 வன்செயலில் தன் தளம் வகித்த பங்கிற்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. சிங்களமும் தமிழும் அறிந்த கண்காணிப்பாளர் போதிய அளவில் இருந்திருப்பின், பகைப் பதிவுகள் தனித்தனியே நீக்கப்பட்டிருக்கும். நாடு முழுவதையும் பூட்ட நேர்ந்திராது. காப்பு வேண்டும், அது நீதிமன்றின் கண்ணுக்கு உட்பட்டதாகவும், கால எல்லை உடையதாகவும், மக்கள் மொழி அறிந்ததாகவும் அமைதல் வேண்டும். அந்த அம்பாறை உணவகத்தில், ஒருவர் மொழியை மற்றவர் அறிந்திருப்பின், கலகத்தின் முதற்பொறியே அவிந்திருக்கக்கூடும்.