வழித்தடம்

பெங்களூரு மெஜஸ்டிக்கில் ஊதாத் தடத்து மெட்ரோவிலிருந்து இறங்கிப் பச்சைத் தடத்துக்கு மாறுவோரில் எத்தனையோ பேர், அலுவலகத்திலும் ‘ரூட்’ எழுதுகிறவர்கள்தான். 2007இல் வெளிவந்த அப்பாச்சி கேமல் என்னும் ஜாவா மென்பொருளில், செய்தி புறப்பட்டுச் சேரும் பாதைக்கு அதுவே பெயர்.

‘ரூட்’டின் வேர் இலத்தீன் ‘ருப்தா’: உடைத்துத் திறந்த வழி. நம் ‘தடம்’ வேறு மாதிரி. கால்தடம், வண்டித்தடம் என்று, போனவர் விட்டுச்சென்ற சுவடே பாதையாகிறது. செய்தி போன வழியைப் பின்னால் தேடிப் பார்க்க வேண்டிய இந்தத் தொழிலுக்கு, மூலச் சொல்லைவிட இது பொருத்தம் என்பேன்.

கேமலில் இரு தடங்களை ‘டைரக்ட்’ என்னும் இணைப்பால் இணைத்தால், அடுத்தது முடியும்வரை முதல் தடம் காத்திருக்கும். ‘சீடா’வில் செய்தி வரிசையில் நிற்கும், பதில் வேண்டாதபோது அனுப்பிய தடம் தன் வேலையைப் பார்க்கும். இரண்டும் ஒரே கேமல் சூழலுக்குள் மட்டும். ஒரே ஜாவா இயந்திரத்தில் தனிச் சூழல்களோடு ஓடும் தொகுதிகளை ‘டைரக்ட்-விஎம்’, ‘விஎம்’ இணைத்தன. 2023இல் வந்த 4ஆம் பதிப்பு அவற்றை நீக்கிவிட்டது. ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி மாறும் இத்தகைய இணைப்பிடத்தைத் ‘தடமாற்று’ எனலாம்; மெஜஸ்டிக்கில் இறங்கி ஏறியவருக்கு விளக்கம் தேவைப்படாது.