வீட்டுத் தொட்டியில் வளரும் கோரையின் வரலாறு



ஜொகூரில் நம்மவர் பலர், நீர் நிறைந்த தொட்டியில் குடைபோல் இலை விரித்து நிற்கும் அழகுச் செடியை வளர்க்கின்றனர். அதன் பெயரை என் மாணவர்களிடம் கேட்டால், "ஏதோ புல்" என்றே மறுமொழி வருகிறது. அது புல்லன்று, கோரை. புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டு, உள்ளே வெறுமையாயிருக்கும். கோரையின் தண்டோ பெரும்பாலும் மூன்று பட்டைகளுடன் உள்ளே நிறைந்திருக்கும்.

இக்குடைக்கோரை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதன் நெருங்கிய உறவான பாப்பிரசு, எகிப்தின் நைல் ஆற்றங்கரையில் செழித்தது. அதன் தண்டின் வெண்ணிற உட்பகுதியை மெல்லிய கீற்றுகளாக அரிந்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அழுத்தி உலர்த்தி எழுதுதாள் செய்தனர். அத்தகைய தாளொன்றில், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட வணிக ஆவணம் வியன்னாவில் பாதுகாக்கப்படுகிறது. அறிஞர்கள் 1985இல் அதனை வெளியிட்டனர். சேரநாட்டு முசிறித் துறைமுகத்தின் பெயர் அதில் காணப்படுகிறது. ஹெர்மபொல்லோன் என்னும் கப்பல் ஏற்றிச் சென்ற யானைத் தந்தம், நறுமணப் பொருள் ஆகியவற்றின் கணக்கும் அதில் உண்டு. நம் முன்னோரின் கடல் வணிகத்திற்குச் சான்று கூறுவது ஒரு கோரைத் தண்டே!

தமிழகத்துக் கோரைக்கும் தனிப்பெருமை உண்டு. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில், கோரையை நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பருத்தி நூற்பாவில் பட்டுப்போன்ற பாய் நெய்கின்றனர். அப்பாய் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. முத்தக்காசு எனச் சித்த மருத்துவம் போற்றும் கோரைக்கிழங்கும் இக்குடும்பத்ததே. அதனையே மலாய்க்காரர்கள் 'ரும்புட் தெக்கி' என்பர். நாம் களையென்று பிடுங்கி எறிகிறோம்.

பெயர் மறந்தால் அதனோடு பிணைந்த வரலாறும் மறையும். கோரைப்பாயில் படுத்தறியாத தலைமுறைக்கு 'கோரை' என்பது அகராதிச் சொல்லாகவே நின்றுவிடக்கூடாது. எனவே பெற்றோரே, குடைக்கோரையின் தலைப்பகுதியைச் சிறிது தண்டுடன் வெட்டி, தலைகீழாக நீரிலிடச் செய்யுங்கள். சில வாரங்களில் வேர்விட்டுத் துளிர்க்கும். ஏடிஸ் கொசு பெருகாதவாறு வாரந்தோறும் நீரை மாற்றுங்கள். ஆசிரியர்களே, அச்செடியை வகுப்பில் வைத்து முசிறியின் கதையைச் சொல்லுங்கள். அறிவியலும் வரலாறும் தமிழும் ஒரே தொட்டியில் வளரட்டும்.