அரசியாவதற்கு முன் தூதர்: அரகான் கேத்தரின்

எட்டாம் ஹென்றி விலக்கிவைத்த மனைவி என்றே கேத்தரினை வரலாறு நினைவுகூர்கிறது; அரசியாகுமுன் அவர் வகித்த பதவி அதிகம் பேசப்படுவதில்லை. 1501 நவம்பரில் இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர் ஆர்தரை மணந்த இந்த ஸ்பானிய இளவரசி, ஐந்து மாதம் நிறையுமுன் கைம்பெண்ணானார். பேசிய 2,00,000 குரோன் சீதனத்தில் பாதியே வந்திருந்தது. எஞ்சிய தொகை குறித்து மாமனார் ஏழாம் ஹென்றியும் தந்தை ஃபெர்டினாண்டும் பிணங்க, இருவருக்குமிடையே வறுமையில் சிக்கிய கேத்தரின் அணிகலன்களை விற்று வாழ்ந்தார்.

1507இல் ஃபெர்டினாண்ட் மகளையே ஆங்கில அரசவைக்குத் தம் தூதராக்கினார். ஐரோப்பாவில் அறியப்பட்ட முதல் பெண் தூதர் அவரே எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. சங்கேத எழுத்தைக் கற்று, தந்தைக்குத் தாமே மடல்கள் வரைந்தார். பேரத்தின் பொருளாக இருந்தவர் பேரம் பேசும் தரப்பானார். 1509இல் அவர் சூடிய மணிமுடியை இந்தப் பின்னணியிலேயே மதிப்பிட வேண்டும்.