முன்பணமும் முடிவுறாத வீடும்: இந்தியாவில் மனை உரிமையாளர் – கட்டுநர் வழக்குகளின் வரலாறு

முன்னுரை

வீடு கட்டும் தொழில் பிற கைத்தொழில்களினின்றும் ஒருவகையில் வேறுபட்டது. குயவர் வனைந்து முடித்த பானையை விற்கிறார். நெசவாளர் நெய்து முடித்த ஆடையை விற்கிறார். வீடோ விலை பேசப்படும் நாளில் இல்லாத பொருள். அது உருவாகும் காலம் நீண்டது. எனவே பணம் முந்துவதா, வேலை முந்துவதா என்னும் வினா இத்தொழிலோடு உடன்பிறந்ததாகிறது. பணம் முந்தினால் உரிமையாளர் கட்டுநரை நம்பியிருக்க வேண்டும். வேலை முந்தினால் கட்டுநர் உரிமையாளரை நம்பியிருக்க வேண்டும். வேலை பாதியில் நின்றதாகவும் கூலி தரப்படவில்லை என்றும் எழும் வழக்குகள் யாவும் இவ்வொரு வினாவின் கிளைகளே. இவ்வினாவிற்கு இந்தியாவின் நீதிநூலும் சட்டங்களும் தீர்ப்புகளும் காலந்தோறும் அளித்த விடைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. கொடுத்த பணம் யார் பொறுப்பில், என்ன நிபந்தனையில் இருக்கிறது என்பதில் சட்டம் கருத்துச் செலுத்திய பின்னரே வீடு வாங்குவோர்க்கு வழங்கிய பாதுகாப்பு பொருளுடையதாயிற்று என்பது இதன் கருதுகோள்.

அர்த்தசாஸ்திரம் காட்டும் நெறி

1909ஆம் ஆண்டு மைசூரில் ஆர். சாமசாஸ்திரி பதிப்பித்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், மூன்றாம் அதிகரணத்தின் பதினான்காம் அத்தியாயத்தில் கூலியாளர் குறித்த விதிகளைத் தருகிறது. கூலியை முன்னரே பெற்றுக்கொண்டு வேலை செய்யாதவனுக்குப் பன்னிரண்டு பணம் தண்டம். வேலையைச் செய்து முடிக்கும்வரை அவன் தடுத்து வைக்கப்படுவான். இயலாமை, நோய், இடர் ஆகியவற்றிற்கு விலக்கும் உண்டு. வேலைக்கு வந்து நிற்பவனிடம் வேலை வாங்காவிடில் அவ்வேலை செய்யப்பட்டதாகவே கருத வேண்டும் என்பது முன்னை ஆசிரியர்களின் கருத்து. கௌடில்யர் இதனை மறுத்து, செய்த வேலைக்கே கூலி, செய்யாததற்கு இல்லை என்கிறார். ஆயினும் சிறிதளவு வேலையை வாங்கிக்கொண்டு எஞ்சியதைச் செய்யவிடாமல் உரிமையாளரே தடுத்தால் முழு வேலையும் முடிந்ததாகக் கொள்ள வேண்டும் என்றும் விதிக்கிறார்.

இவ்விதிகள் கட்டடத் தொழிலுக்கென்று தனியே வகுக்கப்பட்டவை அல்ல. கூலி வேலை அனைத்திற்கும் பொதுவானவை. எனினும் பாதியில் நின்ற வேலைக்கு யார் காரணம் என்பதைப் பொறுத்துப் பொறுப்பு இடம்மாறும் என்னும் கருத்து இங்குத் தெளிவாக இடம்பெறுகிறது. இருதரப்புக்கும் கடமை உண்டு என்பதே இதன் அடிப்படை.

காலனிய ஆட்சியும் ஒருதலைத் தண்டனையும்

இந்தச் சமநிலை காலனியச் சட்டத்தில் பேணப்படவில்லை. 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டமான தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம், கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களின் வணிகர்களும் தொழில் நடத்துவோரும் முன்பணம் கொடுத்து இழப்புறுவதைத் தடுக்கவென இயற்றப்பட்டது. முன்பணம் பெற்ற கைவினைஞரோ வேலையாளோ வேலையைச் செய்யத் தவறினால், பணத்தைத் திருப்புமாறோ வேலையை முடிக்குமாறோ நடுவர் ஆணையிடலாம். ஆணையை மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல் விதிக்கலாம். கூலி தரத் தவறிய முதலாளிக்கு இச்சட்டம் எத்தண்டனையும் வகுக்கவில்லை. முன்பணத்தைக் காக்க முனைந்த சட்டம், அதனைப் பெற்ற ஏழைத் தொழிலாளியின் உடலையே பிணையாக்கியது எனலாம். 1925ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தால் இது நீக்கப்பட்டது.

ஒப்பந்தக்காரரின் நிலை வேறு. அவர்தம் வழக்குகள் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்கீழ் உரிமையியல் நீதிமன்றங்களில் நடந்தன. முன்பணம் பெற்று வேலையை விட்டுச்சென்ற கொத்தனாருக்குச் சிறை. அதே தவற்றைச் செய்த ஒப்பந்தக்காரருக்கு இழப்பீட்டு வழக்கு. ஒரே தவறு, செய்தவரின் நிலைக்கேற்ப இருவகையாக மதிக்கப்பட்டமை நோக்கத்தக்கது.

பாதி வேலைக்குக் கூலி உண்டா?

கட்டுநர் தரப்பின் முதன்மையான வினா இது. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1898இல் சம்ப்டர் – ஹெட்ஜஸ் வழக்கில் கடுமையான விடை தந்தது. 565 பவுண்டுக்கு இரு வீடுகளும் குதிரை லாயமும் கட்ட ஒப்புக்கொண்ட கட்டுநர், ஏறத்தாழ 333 பவுண்டு மதிப்புள்ள வேலையை முடித்த நிலையில் கைப்பணமின்றிக் கைவிட்டார். எஞ்சியதை உரிமையாளர் தாமே கட்டி முடித்தார். தம் நிலத்தில் நிற்கும் அரைகுறைக் கட்டடத்தை ஏற்பதன்றி உரிமையாளருக்கு வேறு வழியில்லை. ஆகவே அதனை ஏற்றமை கூலி தரும் கடமையை உண்டாக்காது என நீதிமன்றம் கருதியது. தளத்தில் விடப்பட்ட தளவாடங்களைப் பயன்படுத்துவதும் விடுவதும் அவர் விருப்பத்திற்குரியவை என்பதால் அவற்றிற்கு மட்டும் விலை தர நேர்ந்தது.

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு இதனின் விரிந்தது. இலவசமாகச் செய்யும் நோக்கமின்றி ஒருவர் முறையாகச் செய்த வேலையின் பயனை மற்றவர் துய்த்தால் ஈடு தர வேண்டும் என்கிறது அது. 1944இல் வங்க மாகாண அரசின் அலுவலர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் ஆராம்பாக்கில் சேமிப்புக் கொட்டகைகளும் பிறவும் கட்டிய நிறுவனத்திற்கு, முறைப்படியான ஒப்பந்தம் இல்லை என்று சொல்லிப் பணம் மறுக்கப்பட்டது. பி. கே. மண்டல் அண்டு சன்ஸ் வழக்கு என அறியப்படும் இவ்வழக்கில், ஒப்பந்தம் செல்லாதாயினும் கட்டடத்தை ஏற்றுப் பயன்படுத்திய அரசு ஈடு தர வேண்டும் என உச்சநீதிமன்றம் 1961 டிசம்பரில் தீர்ப்பளித்தது. வேண்டாதவர் மறுத்திருக்கலாம், ஏற்றபின் பொறுப்பைத் தட்ட இயலாது என்பதே தீர்ப்பின் சாரம்.

காலத்தாழ்வும் ஒப்பந்தத்தின் எல்லையும்

உரிமையாளர் தரப்பின் முதன்மையான குறை காலத்தாழ்வு. ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, காலம் ஒப்பந்தத்தின் உயிர்நாடியாக அமைந்தால் மட்டுமே தாழ்வைக் காட்டி ஒப்பந்தத்தை முறிக்கலாம். இல்லையேல் இழப்பீடு மட்டுமே கிடைக்கும். ஹிந்த் கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கில் (1979) உச்சநீதிமன்றம், கால நீட்டிப்புக்கும் தாழ்வுத் தண்டத்திற்கும் இடமளிக்கும் கட்டுமான ஒப்பந்தத்தில், காலமே உயிர்நாடி என வெளிப்பட எழுதியிருப்பினும் அது வலுவிழக்கும் எனக் கூறியது. பெரும் பொதுப்பணிகளுக்கு இந்நெறி பொருந்தும். வாடகையும் வங்கிக் கடன் தவணையும் ஒருங்கே செலுத்திக்கொண்டு சாவிக்காகக் காத்திருக்கும் குடும்பத்திற்கோ இழப்பீட்டு வழக்கு மிக நெடிய வழியாகும்.

இதற்கு மாற்றாக அமைந்தது 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வீடு கட்டுதல் 1993ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ‘சேவை’ என்னும் வரையறைக்குள் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், பணம் பெற்றும் வீட்டை முடித்துத் தராத லக்னோ வளர்ச்சிக் குழுமம் தொடர்பான வழக்கில், அரசுசார் அமைப்பாயினும் வீடு கட்டித் தருவது சேவையே, தாழ்வு சேவைக் குறைபாடே என உச்சநீதிமன்றம் முடிவு செய்தது. அலைக்கழித்த அலுவலர்களைக் கண்டறிந்து இழப்பீட்டை அவர்களிடமே வசூலிக்கவும் ஆணையிட்டது.

மனையைத் தந்து கட்டடத்தில் பங்கு பெறும் உரிமையாளரின் நிலை மேலும் சிக்கலானது. உப்பல் ஏஜென்சீஸ் தொடர்பான தில்லி வழக்கில் (2008), அவ்வுரிமையாளர் கட்டுநரின் கூட்டாளி என நுகர்வோர் மன்றங்கள் கருதி முறையீட்டைத் தள்ளியிருந்தன. உச்சநீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. ஒப்பந்தத்தின் பெயர் எதுவாயினும், வேலை மீது கட்டுப்பாடும் இலாப நட்டத்தில் பங்கும் இல்லாத உரிமையாளர் நுகர்வோரே என்றது. கட்டட நிறைவுச் சான்றிதழைப் பெற்றுத் தருவதும் கட்டுநர் கடமையுள் அடங்கும் எனக் கொண்டது.

பணத்தின் இருப்பிடம்

மேற்கண்ட தீர்வுகள் யாவும் பணம் கைமாறிச் சிதைந்தபின் வருவன. இக்குறையை முன்னரே உணர்ந்தது மகாராட்டிரத்தின் 1963ஆம் ஆண்டு அடுக்ககச் சட்டம். எழுத்து வடிவ ஒப்பந்தம் இன்றி முன்பணம் வாங்கலாகாது. வாங்கிய பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து அறங்காவலர் போலக் கையாள வேண்டும் என அது விதித்தது. ஆனால் கண்காணிக்கும் தனி ஒழுங்குமுறை அமைப்பு தொடக்கத்தில் அமையவில்லை.

கண்காணிப்பு இல்லாததன் விளைவை ஆம்ரபாலி வழக்கு காட்டியது. நொய்டாவிலும் கிரேட்டர் நொய்டாவிலும் நாற்பத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டுக்கெனத் தந்த பணம் வேறு வழிகளில் திருப்பப்பட்டமை நீதிமன்றம் நியமித்த தடயவியல் தணிக்கையில் வெளிப்பட்டது. 2019 ஜூலை 23இல் உச்சநீதிமன்றம் நிறுவனத்தின் பதிவை நீக்கி, எஞ்சிய பணியை அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் ஒப்படைத்தது, வாங்குவோரின் எஞ்சிய தவணைகளை நீதிமன்றக் கண்காணிப்பிலுள்ள வங்கிக் கணக்கில் செலுத்தச் செய்தது. பணத்தை இருதரப்பும் சாராத ஒருவர் பொறுப்பில் வைப்பதே இங்கும் தீர்வாயிற்று.

2016இல் இயற்றப்பட்டு 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த நிலமனை (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு)ச் சட்டம் இக்கருத்தை நாடளாவிய விதியாக்கியது. ஒப்பந்தம் பதிவாகுமுன் விலையில் 10 விழுக்காட்டிற்கு மேல் பெறலாகாது. பெறும் தொகையில் 70 விழுக்காடு தனிக் கணக்கில் இருக்க வேண்டும். பொறியாளர், கட்டடக் கலைஞர், கணக்காயர் ஆகியோரின் சான்றின்பேரில் வேலையின் அளவுக்கேற்பவே அதிலிருந்து எடுக்கலாம். முன்னர் வாங்குவோரின் தாழ்வுக்கு 18 விழுக்காடும் கட்டுநரின் தாழ்வுக்கு 9 விழுக்காடும் வட்டி விதித்த ஒப்பந்தங்கள் இருந்தன. குருகிராம் அடுக்ககம் ஒன்றின் அத்தகைய ஒப்பந்தத்தை 2019 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஒருதலையானது எனக் கண்டது. புதிய சட்டம் இருவருக்கும் ஒரே வட்டி வீதத்தை வகுத்தது. தவணையை உரிய காலத்தில் செலுத்துவதை வாங்குவோரின் கடமையாக்கியதும் இச்சட்டமே.

முடிவுரை

அர்த்தசாஸ்திரம் தவறியவர் யார் என்று கேட்டது. 1859ஆம் ஆண்டுச் சட்டம் வேலையாளை மட்டும் தண்டித்தது. 1872ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்த வாசகத்திற்கு முதன்மை தந்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் வாங்குவோரை நுகர்வோராகக் கண்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டமோ பணம் எங்கே இருக்கிறது என்று கேட்டது. வழக்கின் வேரைத் தொட்ட வினா இதுவே.

ஆயினும் இக்காப்பு அனைவரையும் எட்டவில்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ அமையும் திட்டங்களுக்குப் பதிவுக் கட்டாயம் இல்லை. சொந்த மனையில் மேஸ்திரியை அமர்த்தி ஒரே வீடு கட்டுவோர் விற்பனைத் திட்டங்களுக்கான இச்சட்டத்தின் வரம்பிலேயே வருவதில்லை. அவ்வீடுகளில் முன்பணம் வாய்ச்சொல்லின் வலிமையில் கைமாறுகிறது. தளம் போடுமுன் நின்றுபோன வேலையால் உரிமையாளரும், பூச்சு முடிந்தும் கடைசித் தவணை வராமையால் மேஸ்திரியும் அவர்கீழ் உழைத்த சித்தாளும் இழப்புறுகின்றனர். அவர்களுக்கு எஞ்சியிருப்பவற்றுள் முதன்மையானவை ஒப்பந்தச் சட்டமும் நுகர்வோர் ஆணையமும். பின்னதை நாடும் வழியும் உரிமையாளருக்கே உண்டு. செய்த வேலைக்குக் கூலி, தடுத்தவர்மீது பொறுப்பு என்னும் பழைய நெறி, பெருந்திட்டங்களுக்குக் கிடைத்த நடைமுறை வடிவத்தை இச்சிறு வீடுகளுக்கு இன்னும் பெறவில்லை. வேலையின் படிநிலைக்கேற்பப் பணம் விடுவிக்கும் எளிய ஏற்பாடு இங்கும் அமையுமாயின், அது இருதரப்பையும் ஒருங்கே காக்கும்.