கலங்கரை விளக்கமும் கரை தின்னும் கடலும்



சுந்தரர் பிறந்த திருநாவலூர்தான் எனக்கும் சொந்த ஊர். எங்களுக்குக் கடல் தெரியாது. கெடிலம் ஆறு தெரியும். அது கடலூரில் போய்க் கடலில் சேரும் என்பதோடு எங்கள் பூகோளம் முடிந்தது. ஆறு கொண்டுபோகும் மணல் அப்புறம் என்ன ஆகிறது? நம் கல்லூரியில் சிவில் படித்தபோதுகூட நான் கேட்டதில்லை. வேலைக்காகச் சென்னை வந்த பிறகுதான் விடை கிடைத்தது.

உயர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1844-ல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கம் அது. கட்டியவர் கேப்டன் ஸ்மித் என்ற ராணுவப் பொறியாளர். ஐம்பது வருஷம் எரிந்தது. 1894-ல் விளக்கு பக்கத்திலேயே நீதிமன்றக் கோபுரத்துக்குப் போனது. 1977-ல் மெரினாவுக்கு வந்தது. விளக்கை இடம் மாற்றினால் யாருக்கும் நஷ்டமில்லை.

துறைமுகச் சமாச்சாரம் அப்படியில்லை. விளக்கு வழி காட்டியதே தவிர, கப்பல் ஒதுங்க இடம் கிடையாது. நடுக்கடலில் நங்கூரம் போட்டுவிட்டு, ஆணியில்லாமல் நார்க்கயிற்றால் தைத்த மசூலா படகில்தான் ஆளும் சரக்கும் அலை தாண்டிக் கரை சேரவேண்டும். நீராவிக் கப்பல்கள் பெருகின. 1875-ல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கான்கிரீட் பாளங்களை அடுக்கி எழுப்பிய அலைத் தடுப்புச் சுவர்களை 1881 நவம்பர் புயல் உடைத்துப் போட்டது. விடவில்லை, திரும்பக் கட்டினார்கள்.

புயலைச் சமாளித்தவர்களை மணல் திணறடித்தது. வருஷத்தில் பெரும்பகுதி இந்தக் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதை மறித்தது. கிழக்கு வாசல் தூர ஆரம்பித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதை மூடி, வடகிழக்கில் வாசல் திறந்தார். துறைமுகம் பிழைத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வராமல், ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. அங்கே பாறாங்கல் கொட்டித்தான் கரையைக் காக்கிறார்கள்.

ஒருநாள் அந்தக் கற்கள்மேல் நின்றிருந்தேன். ஒரு மீனவப் பெரியவர் அலையைக் கைகாட்டி, "அதோ, அங்கதான் தம்பி எங்க வீடு இருந்துச்சு" என்றார். என்னிடம் பதில் இல்லை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நாம் கட்டும் சுவர் நிற்குமா என்று கணக்குப் போடக் கல்லூரி கற்றுக்கொடுத்துவிடும். அது நின்றால் பக்கத்துக் கரைக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.