பதினொருவர் நின்ற இடம்

காற்பந்து ஆட்டம் முடிந்த மறுநாள், கோலடித்தவர் பெயர்தான் எல்லார் வாயிலும் இருக்கும். மற்றப் பத்துப் பேர் எங்கே நின்றார்கள், ஏன் அங்கே நின்றார்கள் என்று கேட்பவர் குறைவு. அந்தக் கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை இன்று பார்ப்போம்.

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டுவோர் விடியுமுன் நிரைக்குப் போய்விடுவார்கள். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும். பால் நிறுத்து முடிந்தபின் மாலைப்பொழுது மிஞ்சும். அந்த மாலைதான் தோட்டத்துக் காற்பந்தை வளர்த்தது. பழைய ஆட்டக்காரர்கள் ‘ரைட் அவுட்’, ‘லெஃப்ட் இன்’, ‘சென்டர் ஹாஃப்’ என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அவை ஆங்கிலேயர் கொண்டுவந்த 2-3-5 அணிவகுப்பின் சொற்கள். கோல் காவலருக்கு முன்னால் இரண்டு பேக், அடுத்து மூன்று ஹாஃப், முன்வரிசையில் ஐவர்.

இந்த வரிசை ஏன் மாறியது? 1925ஆம் ஆண்டில் ஆஃப்சைட் விதி மாற்றப்பட்டது. அதுவரை தாக்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூவர் இருக்கவேண்டும். அதன்பின் இருவர் போதும் என்றாயிற்று. கோல்கள் பெருகின. உடனே லண்டனில் ஆர்சனல் அணியின் நிர்வாகி ஹெர்பர்ட் சாப்மன், நடு ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து இரு பேக்குகளுக்கும் இடையில் நிறுத்தினார். விதி மாறினால் மனிதர் நிற்கும் இடமும் மாறும் என்பதற்கு இது நல்ல சான்று அல்லவா?

1953 நவம்பர் 25ஆம் நாள் ஹங்கேரி, வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தை 6-3 எனத் தோற்கடித்தது. ஹங்கேரியின் நடுத் தாக்குநர் ஹிடெக்குட்டி முன்னால் நிற்காமல் பின்வாங்கி ஆடினார். அவரைத் துரத்திப் போனால் பின்னால் வெற்றிடம். போகாவிட்டால் அவர் கையில் ஆட்டம். இங்கிலாந்தின் காவல் கலைந்தது. 1958இல் பிரேசில் 4-2-4 வரிசையில் உலகக் கிண்ணத்தை வென்றது. ஐவர் முன்னால் நின்ற காலம் போய், நால்வர் பின்னால் நிற்கும் காலம் வந்தது.

நம் நாட்டிலும் இந்த ஆட்டம் வேரூன்றியிருந்தது. 1921இல் தொடங்கிய மலாயாக் கிண்ணம், 1967இல் மலேசியக் கிண்ணம் என்று பெயர் பெற்றது. அந்த முதல் ஆண்டிலேயே அதை வென்றது நம் பேராக் அணி.

1980 ஏப்ரலில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசியா தென் கொரியாவை 2-1 என வென்று, மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. ஹசான் சானி பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்க, ஜேம்ஸ் வோங் வெற்றிக் கோலை அடித்தார். இருவரும் சபா மாநிலத்தவர். ஆனால் அந்தக் கோலுக்குப் பின்னால் சோ சின் ஆவ்ன், சந்தோக் சிங் என்ற இரு காவல் தூண்கள் நின்றார்கள். அவர்களுக்கும் பின்னால் நின்றவர் நம் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளுக்காக ‘ஸ்பைடர்மேன்’ என்று மக்கள் கொண்டாடிய கோல் காவலர்.

அந்த அணி மாஸ்கோவுக்குப் போகவில்லை. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மலேசியா விலகி நின்றது. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் மாண்டார். ஒலிம்பிக் திடலில் நிற்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்காமலே போயிற்று. எனினும் அவர் நின்ற இடம் அணிப் பட்டியலில் இருக்கிறது. அதனால் வரலாற்றிலும் இருக்கிறது.

நம் தோட்டத்து அணிகளுக்கு அந்தப் பேறு இல்லை. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் ஈப்போவுக்கும் பிற ஊர்களுக்கும் குடிபெயர்ந்தார்கள். திடல் போனதோடு பெயர்களும் போகவேண்டுமா?

மாணவர்களே, உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள்: “நீங்கள் எந்த இடத்தில் நின்று ஆடினீர்கள்? உங்கள் பக்கத்தில் நின்றவர் யார்?” ஒரு தாளில் பதினொரு புள்ளி வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே பெயரை எழுதுங்கள். தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோலடித்தவரை ஊரே நினைவில் வைத்திருக்கும். லெஃப்ட் பேக்கை நீங்கள் எழுதிவைத்தால்தான் உண்டு.