ஒரு மாத நோட்டீஸ், மூன்று மாதச் சிறை

வேலையை விட எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று கேட்கும் இளைஞர்களில் பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். ஆஃபர் லெட்டரில் 90 நாள் என்று போட்டிருக்கிறது. பாதியில் போனால் கேஸ் போடுவார்களா, போலீஸ் வருமா என்று பயப்படுகிறார்கள். இந்தப் பயத்தைக் கேலி செய்ய வேண்டாம் தோழர்களே. நம் பூட்டன் பூட்டி காலத்தில் உண்மையிலேயே போலீஸ் வந்தது.

1843-ல் கம்பெனி அரசு ஒரு சட்டம் போட்டது. ஒருவனைத் தன் அடிமை என்று சொல்லிக்கொண்டு வந்தால் நீதிமன்றம் அதை ஏற்காது என்றது அந்தச் சட்டம். சரியாகப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1859-ல், 13-ஆம் எண் சட்டம் வந்தது. கல்கத்தாவின் வெள்ளைக்கார வியாபாரிகள் கேட்டு வாங்கிய சட்டம் இது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டாலோ, பாதியில் போனாலோ முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலையைச் செய் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடுவார். மறுத்தால் மூன்று மாதம் வரை சிறை. வாக்குத் தவறிய முதலாளிக்கு இந்தச் சட்டத்தில் சிறை கிடையாது. அடிமை என்ற சொல் போய்விட்டது, முன்பணம் என்ற சொல் வந்துவிட்டது. எனக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இங்கிலாந்துத் தொழிலாளிக்கும் இப்படி ஒரு சட்டம் இருந்தது. அவனுக்கு 1875-லேயே அந்தச் சிறை நீங்கிவிட்டது. நமக்கு 1925 வரை நீங்கவில்லை.

கடல் தாண்டிப் போனவர்களின் கதை இன்னும் கொடுமை. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களில் பெரும் பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். பண்ணையை விட்டுத் தப்பித்தால் போதும் என்று போனவர்கள். அங்கே சட்டப்படி அவர்கள் மாத ஒப்பந்தக் கூலிகள். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் யாரும் விலகலாம். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! இன்றைய ஐ.டி. கம்பெனியைவிட தாராளம். ஆனால் நோட்டீஸ் கொடுக்காமல் போனால் அது குற்றம், சிறை. கொடுத்துவிட்டுப் போகலாம் என்றால் குறுக்கே நின்றது துண்டு.

கூலியின் பெயரில் எவ்வளவு கடன் இருக்கிறது, அதை அடைத்தால் இந்த ஆளை விடுவிக்கலாம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். கப்பல் செலவு, அரிசி, கங்காணி கொடுத்த முன்பணம் எல்லாம் அந்தக் கடனில் ஏறியிருக்கும். கூலியோ மாதக்கணக்கில் பாக்கி. துண்டு இல்லாதவரை அடுத்த தோட்டம் சேர்க்காது. துண்டு கிடைத்தால் புதிய தோட்டம் பணத்தைக் கட்டி எடுத்துக்கொள்ளும், கடனும் கூடவே வரும். ஆக, நோட்டீஸ் கொடுக்கும் உரிமை தாளில் இருந்தது. கடனில்லாத கூலிதான் அதைப் பயன்படுத்த முடியும். 1921-ல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால்தான் 1938-ல் பம்பாய் சட்டமன்றத்தில் அண்ணல் அம்பேத்கர் பேசியதன் கனம் புரியும். காங்கிரஸ் ஆட்சி தொழில் தகராறு மசோதாவைக் கொண்டுவந்தது. சமரசப் பேச்சு முடிவதற்குள் வேலைநிறுத்தம் செய்தால் தண்டனை என்றது மசோதா. செப்டம்பர் 15 அன்று அண்ணல் எழுந்து ஒரு வக்கீலாகவே கேட்டார்: வேலைநிறுத்தம் என்பது என்ன? வேலை ஒப்பந்தத்தை மீறுவது, அவ்வளவுதான். ஒப்பந்த மீறல் என்பது உரிமையியல் தவறு; நஷ்டஈடு கேட்கலாம். அதைக் குற்றமாக்கினால் விருப்பமில்லாதவனைப் பிடித்து வேலை வாங்குகிறீர்கள், அதாவது அடிமையாக்குகிறீர்கள் என்பது அவர் வாதம். மசோதா நிறைவேறத்தான் செய்தது. அதை எதிர்த்து நவம்பர் 7 அன்று அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து வேலைநிறுத்தம் நடத்தினார்கள். அம்பேத்கரைச் சாதித் தலைவர் என்று மட்டும் சொல்லும் தொழிற்சங்கத் தோழர்கள் இந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளட்டும்.

இப்போது அந்த 90 நாளுக்கு வருவோம். சாதாரணத் தனியார் வேலையில் அது உரிமையியல் விஷயம். கம்பெனி நோட்டீஸ் சம்பளத்தைப் பிடிக்கலாம், நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். வந்து வேலை செய் என்று எந்த நீதிமன்றமும் உங்களைக் கட்டாயப்படுத்தாது. எனவே கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். நாட்களுக்குப் பதில் பணம் கட்டலாம் என்று இருக்கிறதா? கம்பெனி உங்களை அனுப்பும்போதும் அதே 90 நாள்தானா, இல்லை அதற்கு மட்டும் 30-ஆ? நீங்கள் போனால் உங்கள் வேலை பக்கத்து மேசைக்காரர் தலையில் விழும். முடிந்தவரை நாட்களை முழுதாகக் கொடுங்கள் என்று நான் சொல்வது அவருக்காக. ராஜினாமாவைத் தேதியோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாயால் சொன்ன நோட்டீஸுக்கு சாட்சி இருக்காது.

ஆனால் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. ஒரு நாள்கூட முன்னால் சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு குடும்பத்தை மீட்கப் போகும் தோழர்கள் கோட்டாட்சியரிடம் விடுதலைச் சான்றிதழைக் கையில் வாங்காமல் ஊர் திரும்பாதீர்கள். மறுவாழ்வு உதவிக்கு அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.